டிக்கெட்டில் முழு நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்: விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,



சென்னையிலிருந்து டொரண்டோ எவ்வளவு தூரம் என்று கேட்டால் செல்போன் நொடியில் சொல்லிவிடும்: ஏறக்குறைய 13,400 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்துப் பார்த்து, 15 மணி நேரப் பயணம் என்றும் கூடவே சொல்லும். ஆனால் அந்த 15 மணி நேரத்தில் போய்ச் சேர வழியே கிடையாது. இரண்டு ஊருக்கும் இடையே நேரடி விமானம் இல்லை. எங்காவது இறங்கி, காத்திருந்து, வேறு விமானம் ஏறித்தான் போக வேண்டும். நல்ல இணைப்பு கிடைத்தால் 22, 23 மணி நேரம். கிடைக்காவிட்டால் 30-ஐத் தாண்டும், சில டிக்கெட்டுகளில் 35-ஐயும் தாண்டும். இதில் தன் டிக்கெட் எந்த வகை என்பதைக் கையில் இருக்கும் தாளைப் பார்த்துச் சொல்லிவிடக்கூடிய பயணிகள் குறைவு. வயதானவர்களில் மிகமிகக் குறைவு. அந்த நிலையை மாற்றும் அதிகாரம் டிஜிசிஏ என்று நாங்கள் அறிந்த உங்கள் அலுவலகத்திடம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

எத்தனையோ தூர தேசத்து ஊர்கள் இருக்க, டொரண்டோவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1983 கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து போனவர்களும், பின்னாளில் தமிழ்நாட்டிலிருந்து படிக்கவும் வேலைக்கும் போனவர்களும் பெருந்தொகையாக வாழும் நகரம் அது. கனடா அரசு பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் தரும் சூப்பர் விசாவில், 2022 ஜூலை முதல், ஒரு தடவை போனால் 5 ஆண்டுகள் வரை தங்கலாம். ஆகவே இந்த வழியில் போகிறவர்களில் கோட்டு சூட்டு போட்ட வியாபாரிகளைவிட, மகள் பிரசவத்துக்குப் போகும் அம்மாக்களும், பேரனைப் பார்க்கப் போகும் தாத்தாக்களும் கண்ணில் நிறையப் படுகிறார்கள். பலருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். அந்த முதல் பயணமே உலகத்தின் நீளமான பயணங்களில் ஒன்றாக அமைந்துவிடுகிறது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் சென்னைக்கும் டொரண்டோவுக்கும் ஒரு கோடு போட்டால் அது அரேபியாவையும் ஆப்பிரிக்காவின் வடபகுதியையும் அட்லாண்டிக்கையும் கடந்து போகும். விமானத்தின் குறுக்குவழி அதுவல்ல. உலக உருண்டை ஒன்றை எடுத்து, சென்னையில் ஒரு நூலின் முனையை வைத்து, டொரண்டோ வரை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் மேற்கே போகாது, வடக்கே ஏறும். ஹைதராபாத்தை ஒட்டிப் போகும். லாகூர்ப் பக்கம் கடக்கும். தாஷ்கண்டைத் தொட்டு, யூரல் மலைப் பக்கமாக ரஷ்யாவுக்குள் நுழைந்து, நார்வேயின் வட முனையைக் கடந்து, 73 பாகை வடக்கு வரை ஏறி, கிரீன்லாந்தின் பனிக்கு மேலாக இறங்கி, கியூபெக் வழியாக டொரண்டோவுக்கு வரும். அந்த நூலின் நீளம்தான் 13,400 கிலோமீட்டர். டெல்லி இந்த நூலுக்கு மிக அருகில் இருப்பதால், டெல்லியில் மாறிப் போனால் தூரம் அனேகமாகக் கூடுவதே இல்லை.

இன்று அந்த நூலின் மேல் பறக்க இரு நாட்டு விமானங்களாலும் முடியாது. காஷ்மீரின் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியது. பிறகு மாதாமாதம் அதை நீட்டித்துக்கொண்டே போனது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்ய விமானங்களுக்கு வான்வழியை மூட, ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. எனவே இந்திய விமானத்துக்கு லாகூரில் தடை, கனடா விமானத்துக்கு யூரலில் தடை. டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் அரபிக் கடல் பக்கம் இறங்கி, வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. சில விமானங்கள் எரிபொருளுக்காக வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி ஏறின. 2025 செப்டம்பர் 1 முதல் டெல்லி–வாஷிங்டன் சேவையையே அந்த நிறுவனம் நிறுத்திவிட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த செய்திதான். பூமியின் உருவம் மாறவில்லை, ஊர்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, ஆனாலும் இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள தூரம் அரசியலால் கூடிக் குறைகிறது என்பதைக் காட்டத்தான் எழுதுகிறேன். பயணி இணையத்தில் பார்க்கும் தூரத்தில் இது எதுவும் இருக்காது.

காற்றும் ஒரு காரணம். 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று, மேற்கே போகும் விமானத்தை எதிர்த்துத் தள்ளும், கிழக்கே வரும் விமானத்தைப் பின்னிருந்து தள்ளும். 2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசிய சமயம், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ 5 மணி நேரத்துக்கும் குறைவாக லண்டனில் இறங்கியது. வழக்கமாக 7 மணி நேரத்தை ஒட்டி ஆகும் வழி அது. அதனால்தான் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆனால் இந்தத் தூரமும் காற்றும் சேர்ந்து செய்யும் வித்தியாசம், பயணி கடைசியில் அனுபவிக்கும் வித்தியாசத்தில் சிறு பங்குதான். கணக்கைப் பாருங்கள். சென்னையிலிருந்து லண்டன் 8,230 கிலோமீட்டர், அங்கிருந்து டொரண்டோ 5,700. பிராங்க்பர்ட் வழி என்றால் 7,600-ம் 6,340-ம். துபாய் வழி என்றால் 2,930-ம் 11,080-ம். லண்டன் வழியும் பிராங்க்பர்ட் வழியும் கூட்டினால் 13,950-ஐ ஒட்டி வரும், துபாய் வழி 14,000 வரும். உருண்டையில் போட்ட நூலைவிட 600 கிலோமீட்டர் அதிகம், அவ்வளவுதான். சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள தூரம். ஜெட் விமானத்துக்கு முக்கால் மணி நேரம். மூன்று வழியிலும் விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், 18 மணிக்கும் 19 மணிக்கும் இடையில்தான் நிற்கும்.

அப்படியானால் ஒருவருடைய டிக்கெட் 23 மணி நேரமாகவும் இன்னொருவருடைய டிக்கெட் 34 மணி நேரமாகவும் எப்படி ஆகிறது? வானத்தில் ஆவதில்லை. தரையில் ஆகிறது. ஏறக்குறைய முழு வித்தியாசமும் காத்திருப்பில் இருக்கிறது. டிக்கெட் தாளில் மிகச் சிறியதாக இருப்பதும் அதுதான், சில தாள்களில் இல்லாமலே போவதும் அதுதான்.

சென்னை பன்னாட்டு முனையத்தில் ஒரு மாலை நேரத்தில் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியைப் பார்த்தேன். ஐயாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். அம்மா கையில் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த ஒரு தாள். மகன் அனுப்பி, ஊரில் யாரோ கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தது. இறங்க வேண்டிய ஊர், அடுத்து ஏற வேண்டிய விமானத்தின் எண், கேட் நம்பரைப் பலகையில் பார்க்கவும், யாரிடமும் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு நகர வேண்டாம். எல்லாம் இருந்தது. பெட்டிகளின் நான்கு பக்கமும் மார்க்கரில் மகன் பெயரும் டொரண்டோ என்பதும் எழுதி, நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு பெட்டியிலிருந்து கறிவேப்பிலைப் பொடி வாசனை வந்துகொண்டிருந்தது.

"தம்பி, நடுவுல எறங்குற ஊர்ல பெட்டிய நாங்க எடுக்கணுமாப்பா?" என்று அம்மா கேட்டார்.

ஒரே டிக்கெட் என்பதால் எடுக்க வேண்டியதில்லை என்றேன். பிறகு அவர் டிக்கெட்டைக் காட்டி, "இன்னிக்கு ராத்திரி ஒம்பதரைக்கு ஏறுனா நாளைக்குச் சாயங்காலம் நாலரைக்குப் போயிடலாம்னு ஏஜென்ட் சொன்னாரு. நடுவுல கொஞ்ச நேரம் ஒக்காரணும்னாரு" என்றார். தாளை வாங்கிப் பார்த்தேன். இரவு 9.30-க்குப் புறப்பாடு, மறுநாள் மாலை 4.30-க்கு வருகை. விரல் விட்டு எண்ணினால் 19 மணி நேரம். ஆனால் அது குளிர்காலம், டொரண்டோ கடிகாரம் நம்முடையதைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால் ஓடும். உண்மையில் அவர்கள் பயணம் இருபத்தொன்பதரை மணி நேரம். ஏஜென்ட் சொன்ன அந்தக் "கொஞ்ச நேரம்" 11 மணி நேரம். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தயங்கினேன். சொன்னபோது அவர் ஐயாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "இன்சுலின் பனிக்கட்டி அதுவரைக்கும் தாங்குமா?"

அந்தக் கேள்வியை உங்கள் அலுவலகம் வரை கொண்டுவர வேண்டும் என்று அன்றே நினைத்தேன். அவர்கள் கும்பகோணத்தில் வீட்டைப் பூட்டிக் கிளம்பிய நேரத்திலிருந்து, டொரண்டோவில் குடியேற்றச் சோதனை முடிந்து மகன் கார் வீட்டு வாசலில் நிற்கும் வரை கணக்குப் போட்டால் 40 மணி நேரத்தைத் தாண்டும். அந்த 40 மணி நேரத்துக்குத் தகுந்தபடி மருந்தை எடுத்துவைக்க, சாப்பாட்டைத் திட்டமிட, இடையில் தங்க இடம் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பு இருந்திருக்கும். டிக்கெட் வாங்கிய அன்றே ஒரு வரி இருந்திருந்தால் போதும்: மொத்தப் பயண நேரம் 29 மணி 30 நிமிடம், அதில் தரையில் காத்திருப்பு 11 மணி நேரம்.

டிக்கெட்டில் ஒவ்வொரு ஊரின் நேரத்தையும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி எழுதுவது உலக வழக்கம். அதில் தவறில்லை, அப்படித்தான் எழுத முடியும். ஆனால் அந்த இரண்டு எண்களை மட்டும் கொடுத்துவிட்டு மீதியைப் பயணியின் தலையில் கட்டுவது சரியல்ல. இந்தியா முழுவதும் ஒரே நேரம், அதுவும் கோடையும் குளிரும் மாறாத நேரம். கடிகாரத்தைத் திருப்பி வைத்துப் பழக்கமே இல்லாத நம் ஊர்ப் பெரியவரிடம், டொரண்டோவில் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள், ஆகவே வித்தியாசம் சில மாதம் ஒன்பதரை, சில மாதம் பத்தரை என்பதையெல்லாம் எதிர்பார்க்க முடியுமா? திரும்பி வரும்போது கணக்கு தலைகீழாகும். வெள்ளி இரவு 10 மணிக்கு அங்கே ஏறி ஞாயிறு காலை 8.30-க்கு இங்கே இறங்கினால் தாளில் முப்பத்து நாலரை மணி நேரம் போலத் தெரியும், உண்மையில் 24 மணி நேரம்தான். போகும்போது குறைத்துக் காட்டுகிறது, வரும்போது கூட்டிக் காட்டுகிறது. எண்ணிப் பார்த்து மருந்து எடுத்துக்கொள்பவருக்கு இரண்டுமே ஆபத்து.

மருந்து விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து டொரண்டோ போகிறவருக்குப் புறப்படும் நாள் 24 மணி நேரத்தோடு முடிவதில்லை. குளிர்காலத்தில் அது முப்பத்து நாலரை மணி நேர நாள். காலை ஒரு ஊசி, இரவு ஒரு ஊசி என்று வைத்திருப்பவர் அந்த நீண்ட நாளில் எப்போது போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் போய்க் கேட்கவும், மொத்தம் எத்தனை மணி நேரம் என்ற எண் கையில் இருக்க வேண்டும். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து, 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2007-ல் சொன்னது. காத்திருக்கும் கூடத்தில் நாற்காலியை விட்டு எழுந்தால் இடம் போய்விடுமோ, பை போய்விடுமோ என்று பயந்து அப்படியே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை எந்த விமான நிலையத்திலும் பார்க்கலாம். அவர்களுக்கு விமானத்துக்குள் இருக்கும் நேரமும் வெளியே இருக்கும் நேரமும் ஒன்றுதான்.

முதியவர்கள் படும் பாடு உங்களுக்குப் புதிதல்ல. 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பைக்கு வந்து இறங்கிய 80 வயதுப் பெரியவர் ஒருவர், இருந்த ஒரே சக்கர நாற்காலியில் மனைவியை உட்காரவைத்துவிட்டுத் தான் நடந்து வந்து, குடியேற்றச் சோதனைப் பகுதியில் விழுந்து இறந்தார். அந்த விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது உங்கள் அலுவலகம்தான். அந்த அபராதத்தைப் பற்றிப் படித்தபோது, முதியவரின் பயணத்தை அக்கறையோடு பார்க்கும் ஓர் அலுவலகம் இருக்கிறது என்ற நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. பாகிஸ்தான் வான்வழி மூடிய இரண்டே நாளில், 2025 ஏப்ரல் 26 அன்று, விமான நிறுவனங்களுக்கு நீங்கள் ஓர் அறிவுரை அனுப்பினீர்கள். பாதை மாறியிருப்பதையும், பயணம் எவ்வளவு நீளும் என்பதையும், இடையில் எங்காவது இறங்க நேரலாம் என்பதையும் பயணிகளுக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும், நீளும் நேரத்துக்குத் தக்கபடி உணவும் மருந்தும் வைத்திருக்க வேண்டும் என்றீர்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது பயணியின் உரிமை என்பதை அன்றைக்கு நீங்களே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். நெருக்கடி நேரத்தில் சரியென்று பட்டது சாதாரண நாளிலும் சரிதானே? வான்வழி மூடியதால் மூன்று மணி நேரம் கூடினால் சொல்ல வேண்டும், விற்பனை வசதிக்காக 11 மணி நேரம் கூடினால் சொல்ல வேண்டாம் என்பது நியாயமாக இல்லை.

தாமதத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் விதிகளும் இதே திசையில்தான் இருக்கின்றன. விமானம் சில மணி நேரம் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் கொடுக்க வேண்டும். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்க இடம். நல்ல விதிகள். ஆனால் அதே 6 மணி நேரம், 9 மணி நேரம், 11 மணி நேரம் டிக்கெட்டிலேயே திட்டமிட்ட காத்திருப்பாக இருந்தால் இந்த விதிகள் எதுவும் அங்கே வருவதில்லை. உட்கார்ந்திருக்கும் முதியவரின் முதுகுக்குத் தாமதத்தால் வந்த 6 மணி நேரம் வேறு, அட்டவணையால் வந்த 6 மணி நேரம் வேறு என்று தெரியாது. சில நிறுவனங்கள் நீண்ட இணைப்புக்குத் தாங்களாகவே தங்கும் அறையும் சாப்பாடும் தருகின்றன. கேட்டால்தான் கிடைக்கும், கேட்க வேண்டும் என்பது தெரிந்தால்தான் கேட்க முடியும்.

நீண்ட காத்திருப்பு உள்ள டிக்கெட்டுகளை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவை மலிவாகக் கிடைக்கின்றன. படிக்கப் போகும் பையன் நான்கு காசு மிச்சம் பிடிக்க இரவு முழுக்க விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கத் தயாராக இருப்பான், அது அவன் விருப்பம். விருப்பம் என்றால் தெரிந்து செய்வது. விலையைப் பெரிய எழுத்திலும் நேரத்தை இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கு நடுவே மறைத்தும் வைத்தால், அங்கே தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

பெட்டி விஷயமும் இப்படித்தான். வெளிநாட்டிலிருந்து டெல்லி வழியாகவோ மும்பை வழியாகவோ சென்னைக்கு வருகிறவர், இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனையை முடிக்க வேண்டும். பொதுவாகப் பெட்டியை அங்கேயே எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி போட வேண்டும். இரண்டு மணி நேர இணைப்பு என்று தாளில் இருப்பது, தள்ளுவண்டியோடு ஓடும் இரண்டு மணி நேரம். முனையம் மாற வேண்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். இதை டிக்கெட்டில் ஒரு வரியாகச் சொல்வதற்கு யாருக்கும் செலவில்லை.

சென்னை வழியாக யாழ்ப்பாணம் போகிறவர்களையும் மறந்துவிட வேண்டாம். 2019-ல் யாழ்ப்பாணத்துப் பலாலி மறுபடி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகு, டொரண்டோவிலிருந்து ஊருக்குப் போகும் ஈழத்தமிழர்களுக்குக் கொழும்பைவிடச் சென்னை வசதியான வழியாகியிருக்கிறது. சென்னையிலிருந்து பலாலி சுமார் 350 கிலோமீட்டர். சிறிய ஏடிஆர் விமானமே ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். ஆனால் பாதி உலகத்தைச் சுற்றி வந்தவர், அந்தக் கடைசி 350 கிலோமீட்டருக்காகச் சென்னையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் வெளியே வர விசா வேண்டுமா, பெட்டி எங்கே இருக்கும் என்பது டொரண்டோவில் பணம் கட்டும்போதே தெரிய வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு சொந்த வீட்டு வாசலை மிதிக்கப் போகும் ஒரு பாட்டியை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குழம்ப வைக்கக் கூடாது.

விமான நிறுவனங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். முன்பதிவு முறை உலகம் முழுவதும் ஒன்று, அதை இந்தியாவுக்காக மாற்ற முடியாது என்பார்கள். மொத்த நேரத்தைக் கணக்கிடும் வசதி அந்த முறையிலேயே இருக்கிறது. குறைந்த நேரப் பயணத்தை மேலே வரிசைப்படுத்திக் காட்டும்போது அந்த எண்ணைத்தானே பயன்படுத்துகிறார்கள்? தேடும் திரையில் காட்டத் தெரிந்ததை, பணம் வாங்கிய பிறகு தரும் தாளிலும், ஏஜென்ட் அச்சடித்துக் கொடுக்கும் தாளிலும் காட்டச் சொல்கிறோம். காற்றும் பாதையும் மாறும், ஆகவே உறுதியாகச் சொல்ல முடியாது என்பார்கள். அட்டவணைப்படியான நேரத்தைச் சொன்னால் போதும். அட்டவணை மாறினால் மாறிய நேரத்தைச் சொல்லட்டும், 2025 ஏப்ரலில் நீங்கள் சொன்னதும் அதுதான். வெளிநாட்டு நிறுவனங்கள் எங்கள் வரம்புக்குள் வராது என்று உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே யாராவது சொல்லக்கூடும். இங்கே வந்து போகும் வெளிநாட்டு விமானங்களின் கால அட்டவணைக்கும் உங்கள் ஒப்புதல் தேவைப்படுகிறது. ஒப்புதல் தருகிறவர் நிபந்தனை வைக்கலாம்.

1934-ஆம் ஆண்டு விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சட்டம் புதிதாகியிருக்கும் இந்தச் சமயத்திலேயே டிக்கெட் தாளையும் சீர்படுத்திவிடலாம். பல கட்டமாகப் போகும் எந்த வெளிநாட்டு டிக்கெட்டானாலும், முதல் பக்கத்தில், விலைக்குப் பக்கத்தில், விலை இருக்கும் அதே அளவு எழுத்தில் மொத்தப் பயண நேரமும் அதில் தரையில் கழியும் நேரமும் இருக்க வேண்டும். முனையம் மாறுதல், பெட்டி மறுபடி போடுதல் இரண்டும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து ஏறுகிறவருக்கு அந்தப் பக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். ஒரே டிக்கெட்டில் 6 மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு வைத்து விற்றால், அதில் என்ன உணவு, எங்கே ஓய்வு, சக்கர நாற்காலி கேட்டவருக்கு அந்த நேரத்தில் யார் பொறுப்பு என்பதையும் எழுதித் தர வேண்டும். உள்நாட்டு விமானங்கள் எத்தனை சதவீதம் நேரத்துக்குக் கிளம்பின என்பதை மாதந்தோறும் வெளியிடுகிறீர்கள். இங்கிருந்து கிளம்பும் நெடுந்தூர விமானங்களுக்கும் அதே போல் வெளியிட்டால், எழுதிய நேரமும் ஆன நேரமும் ஒத்துப்போகிறதா என்று பயணிகளே பார்த்துக்கொள்வார்கள்.

சென்னைக்கு வட அமெரிக்க நேரடி விமானம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை 15,300 கிலோமீட்டரை 18 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் பறக்கும் விமானம் இருக்கும் காலத்தில், 13,400 கிலோமீட்டர் முடியாத தூரமல்ல. அது நிறுவனங்களின் வணிகக் கணக்கு, நடக்கும்போது நடக்கட்டும். நான் கேட்பதற்குப் புதிய விமானமும் வேண்டாம், புதிய ஓடுபாதையும் வேண்டாம், எந்த நாட்டோடும் ஒப்பந்தமும் வேண்டாம்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசி ஞாயிறு குளிர்கால அட்டவணை தொடங்குகிறது. நிறுவனங்கள் அதற்கு முன்பே உங்களிடம் ஒப்புதலுக்கு வருகின்றன. அடுத்த குளிர்கால அட்டவணைக்குக் கையெழுத்திடும்போது மொத்தப் பயண நேரத்தை டிக்கெட்டில் அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கையெழுத்திடுங்கள் என்று, இந்த வழியில் தாய் தகப்பனை அனுப்பிவைக்கும் குடும்பங்கள் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.


ஆசிரியர்